முழுநிலவின் கருந்திட்டுகளில் நிறம் பிரித்தல்: மண்டபத்து மொட்டைமாடியில் ஒரு செய்முறை

நிலவு தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. அதில் நீலமும் சிவப்பும் கலந்திருக்கும் விகிதம் இடத்துக்கு இடம் சிறிது மாறுவதால், கண்ணுக்கு ஒரே சாம்பலாகத் தெரியும் இரண்டு கருந்திட்டுகள் வெவ்வேறு வகைப் பாறை என்பதைச் சாதாரணக் கேமராவே காட்டிவிடும். 300 மி.மீ. லென்ஸும் முக்காலியும் படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளும் போதும்.

பௌர்ணமியன்று நிலவில் நிழல் அநேகமாக இராது. ஆகவே அந்த இரவே ஏற்றது. ரா கோப்பு (கேமரா தன் திருத்தம் எதுவும் செய்யாமல் சேமிக்கும் மூலப்பதிவு), ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/200 நொடி என்று தொடங்கலாம். வெண்சமநிலையைப் 'பகல் வெளிச்சம்' என்பதில் நிறுத்திவிட வேண்டும்; தானியங்கியாக விட்டால் நாம் தேடும் நிறத்தையே அது துடைத்துவிடும்.

நான் இடறியது நேரத்தில்தான். ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரின் கடற்கரையில் நின்று, பாம்பன் பக்கம் செம்மஞ்சளாக எழும் நிலவை மூன்று பௌர்ணமிகள் படமெடுத்தேன். ஒவ்வொரு பள்ளத்தின் மேல்விளிம்பிலும் நீலமும் கீழ்விளிம்பில் சிவப்பும் தெரிந்தன. அவற்றைப் பாறையின் நிறமென்றே நம்பினேன். உண்மையில் அது நம் காற்றின் வேலை: அடிவானத்தருகே காற்று நீலத்தைச் சிதறடித்துக் குறைப்பதோடு, எஞ்சிய நீலத்தைச் சிவப்பைவிடச் சற்று அதிகமாக வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. மண்டபம் 9 டிகிரி வட அட்சத்துக்குச் சற்று மேலே இருப்பதால், எந்த மாதத்துப் பௌர்ணமி நிலவும் நள்ளிரவை ஒட்டி 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அதுவரை காத்திருங்கள். கேமராவையும் அதுவரை பைக்குள்ளேயே வைத்திருங்கள். லென்ஸில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுப் பிறகே துடைக்க வேண்டும்.

கோப்பை ஜிம்பில் 32 பிட், நேரியல் ஒளி என்ற அமைப்புக்கு மாற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள். பச்சையை மறைத்து, நீலத்தைக் கீழேயும் சிவப்பை மேலேயும் வைத்து, மேலடுக்கை 'வகுத்தல்' முறைக்கு மாற்றினால், வெளிச்ச வேறுபாடு பெரும்பாலும் நீங்கி நிற விகிதம் மட்டும் எஞ்சும். பிறகு லெவல்ஸ் கருவியால் மாறுபாட்டைக் கூட்டுங்கள். நிறச்செறிவை மட்டும் ஏற்றிப் பளபளப்பாக்கும் வழியும் உண்டு. அது சுவரில் மாட்ட அழகானது, அளவிட உதவாது என்பது என் கருத்து.

சரியாக வந்திருந்தால் அமைதிக்கடல் என்ற கருந்திட்டு, பக்கத்திலுள்ள செரினிட்டி கடல் என்ற கருந்திட்டைவிட வெளுப்பாகத் தெரியும். அதாவது, அங்கே நீலத்தின் பங்கு கூடுதல். 1969இல் அப்பல்லோ 11 அங்கிருந்து கொண்டுவந்த எரிமலைப் பாறைகளில் டைட்டானியம் மிகுந்திருந்தது. அதைத் தாங்கிய இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் பிரித்தெடுக்கப்படும் அதே தாதுதான். ஆனால் டைட்டானியம் கூடினால் நீலமும் கூடும் என்ற இந்தக் கணக்கு கருந்திட்டுகளுக்கே பொருந்தும். வெளிர்ந்த மேட்டுநிலங்களில், மண் எவ்வளவு காலம் வெளியில் திறந்து கிடந்தது என்பதும் நிறத்தை மாற்றுவதால், அங்கே டைட்டானியத்தைத் தேட வேண்டாம்.

பின்சேர்க்கை: செல்போனில் எடுத்த படத்தை வகுத்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். ஜேபெக் சுருக்கம் நிற விவரத்தை முதலில் வெட்டிவிடுவதே காரணம். மேலும், சில செல்போன்கள் நிலவை அடையாளம் கண்டு தாமாகவே விவரங்களைச் சீர்செய்கின்றன. ரா கோப்பு தரும் 'புரோ' முறை இருந்தால், அதில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி கண்ட பிறகு வகுத்துப் பாருங்கள்.