கார்பன் இழை, கறுப்பு அலுமினியம் அன்று

திருச்சி, தஞ்சைப் பகுதிக் கல்லூரிகளில் விமானக் கட்டமைப்பைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, அலுமினியப் பாகத்தின் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளின் பெயரை மட்டும் கார்பன் இழை என்று மாற்றிவிடுவதாகும். போயிங் 787இன் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய 50 விழுக்காடும், ஏர்பஸ் ஏ350இல் ஏறக்குறைய 53 விழுக்காடும் கூட்டுப்பொருள், அதாவது கார்பன் போன்ற இழைகளைப் பிசினில் பதித்து அடுக்கடுக்காக இறுக்கிய பொருள், என்பது உண்மையே. ஆனால் அந்த விமானங்கள் பொருளை மாற்றியதோடு நிற்காமல், வடிவமைப்பையே புதிதாகச் சிந்தித்து உருவானவை. வாழை மட்டையை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறுபடாது, நார் வாக்கில் கிழித்தாலோ உடனே பிளந்துவிடும். கார்பன் இழையும் இவ்வாறே திசைக்குத் திசை வேறுபடுவதால், எந்தப் பக்கம் எவ்வளவு விசை வரும் என்று கணித்த பிறகே அடுக்குகளின் கோணத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாத சேதத்தைச் சேதமே இல்லை என்று கருதுவது. சரக்கு வண்டியொன்று உடற்பகுதியில் இடித்தால் அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் கூட்டுப்பொருளிலோ வெளிப்பரப்பில் இலேசான குழிவு மட்டுமே தெரிய, உள்ளே அடுக்குகள் பரவலாகப் பிரிந்திருக்கக்கூடும், அழுத்த விசையைத் தாங்கும் திறனும் வெகுவாகக் குறைந்திருக்கக்கூடும். ஆகவேதான், பார்வைக்கு அரிதாகவே புலப்படும் சேதம் இருந்தபோதிலும், பறப்பில் எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையின் 1.5 மடங்கைக் கட்டமைப்பு தாங்க வேண்டும் என்று சான்றளிப்பில் எதிர்பார்க்கப்படுகிறது. தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஐயம் எழுந்த இடத்தில் மீயொலிச் சோதனை செய்வதே முறை.

கார்பனையும் அலுமினியத்தையும் நேரடியாகத் தொடவிட்டால், ஈரம் சேரும்போது அலுமினியம் அரிக்கப்படும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பதும் டைட்டானியம் இணைப்பாணிகளைப் பயன்படுத்துவதும் அதற்காகத்தான். கார்பன் கூட்டுப்பொருள் அலுமினியத்தைவிட மிகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்னல் தாக்குதலுக்காக மேற்பரப்பில் செப்பு வலையும் தேவைப்படுகிறது. மாணவர் வரைபடங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

நம் டெல்டாப் பகுதிப் பட்டறைகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிசின் ஊட்டிய கார்பன் துணிச் சுருளைப் பொதுவாக மைனஸ் 18 டிகிரி செல்சியசில் வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில், குளிர் முழுவதும் நீங்குமுன் உறையைப் பிரித்தால் துணியின் மேல் நீர் படிந்து, பிசின் இறுகும்போது நுண்துளைகளாகத் தங்கிவிடும். வெளியே இருக்கும்போது பிசின் மெல்ல இறுகத் தொடங்குவதால், சுருள் குளிரறைக்கு வெளியே இருந்த மொத்த நேரத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்க வேண்டும். குறிப்பில்லாத சுருளைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிடுவது நல்லது.