குற்றவுணர்வை ஒரு பொருளில் வரைவது எப்படி

குற்றவுணர்வை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பொத்திய கைகளையோ, விலங்கையோ, இரத்தம் தோய்ந்த கத்தியையோதான் முதலில் வரைகிறார்கள். கோத்தகிரியில் என்னிடம் ஓவியம் பயிலும் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அவை ‘குற்றம்’ என்ற சொல்லைச் சொல்லுமே தவிர, யார் யாருக்கு எதைச் செய்யத் தவறினார் என்பதைச் சொல்லா. அதைச் சொல்ல வீட்டில் புழங்கிய ஒரு பொருள் வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது துக்கத்தையும் குற்றவுணர்வையும் பிரித்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் மூக்குக்கண்ணாடி துக்கத்தைத் தரும். அதை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு மாற்றித் தராமல் இருந்திருந்தால்தான் அது குற்றவுணர்வின் பொருளாகும். ஆகவே ‘இதை நான் செய்யவில்லை’ என்று காகிதத்தின் பின்புறம் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எது என்று எழுத வரவில்லை என்றால் வேறு பொருளைத் தேடுங்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் குற்றத்தை மெய்ப்பித்தது, முத்து இருக்கும் என்று அவன் நம்பிய சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல்தான். குடை தாழ்ந்ததும் செங்கோல் தளர்ந்ததும் அதற்குப் பிறகே.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். ஓர் ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, கம்பி ஒடிந்த தம் குடையைச் சரிசெய்து வரும்படி என்னிடம் கொடுத்தார். இருமுறை சந்தைக்கு எடுத்துச் சென்றும், வேறு வேலைகளில் மறந்து, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நீலக் கம்பளி நூலால் அந்தக் கம்பியைத் தாமே கட்டிக்கொண்டார். அவர் மறைந்த பிறகு, அந்தக் குடையை மழைமேகத்தின் கீழ் விரித்த நிலையில் வரைந்தேன். அழகான மழைப்படம் ஒன்று கிடைத்தது, அவ்வளவே. அடுத்த முறை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதாக, மடக்கிய நிலையில், முழுக் குடையையும் வெளிறிய சாம்பல் நிறத்தில் வைத்துவிட்டு, அந்த முடிச்சை மட்டும் கூர்மையான பென்சிலால் வரைந்தேன்: நான்கு சுற்று நூல், அதில் எழும்பிய பிசிறு, நீலத்துக்குள் ஊறியிருந்த துரு. நான் செய்ய வேண்டியதை அவர் செய்துகொண்ட இடம் அதுதான். உங்கள் பொருளிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை வண்ணத்தைத் தொடாதீர்கள்.

ஒளியில் கவனம் தேவை. நம் மலையின் மூடுபனி வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரவி நிழலைக் கரைத்துவிடும். சன்னலைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். ஈரக்காற்றில் நீர்வண்ணம் காயவும் நேரம் பிடிக்கும். காயாத பூச்சின்மேல் அடுத்த பூச்சு விழுந்தால் விளிம்புகள் கலங்கிப்போகும். காகிதத்தை நனைத்து, பலகையில் நான்கு பக்கமும் பசைத்தாள் ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகே தொடங்குங்கள். மழை விடாத நாட்களில் பென்சிலே போதும்.

மனித உருவம் வேண்டாம். நாஜிகள் நடத்திய யூதர்களின் படுகொலையை நினைவுகூர, பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் வியன்னாவில் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நினைவகம், உட்புறத்தை வெளிப்பக்கம் திருப்பிய நூலகம்போல் நிற்கிறது. புத்தகங்களின் முதுகு உள்நோக்கி இருப்பதால் எந்தப் பெயரையும் படிக்க முடியாது, கதவுகளுக்குக் கைப்பிடியும் இல்லை. ஒரு பொருளின் பயனைப் பார்ப்பவருக்கு எட்டாதபடி வைத்தாலே, இனிச் சரிசெய்ய முடியாது என்பது புரிந்துவிடும். என் குடையை மடக்கிய நிலையில் வரைந்ததும் அதனால்தான்.

தலைப்பில் ‘மன்னிப்பு’, ‘வலி’ போன்ற சொற்களைத் தவிர்த்து, பொருளின் பெயரையும் காலத்தையும் மட்டும் எழுதுங்கள். என் படத்தின் கீழே ‘குடை, ஐப்பசி’ என்று இருக்கிறது.