வீட்டுக்குள்ள கொலை நடந்துட்டா, சுத்தம் பண்ற செலவுக்கு அமெரிக்கால பணம் வாங்குறது எப்படி

அமெரிக்கால ஒரு வீட்டுக்குள்ள கொலையோ துப்பாக்கிச்சூடோ நடந்தா போலீஸ் வரும், ஃபோட்டோ எடுக்கும், கைரேகை எடுக்கும், பாடிய கொண்டு போவாங்க, அப்புறம் மஞ்சள் டேப்ப அவுத்துட்டு கிளம்பிடுவாங்க. தரையில கெடக்குற ரத்தத்த யாரும் தொட மாட்டாங்க. அது போலீஸ் வேலை கிடையாது, அந்த குடும்பத்து தலையில தான் விழும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸ் சேந்து பக்கெட்டும் ப்ளீச்சும் எடுத்துட்டு அவங்களே இறங்கிடறாங்க, இல்லனா கூகுள்ல முதல்ல வர்ற கம்பெனிய கூப்பிட்டு அவன் சொல்ற சில ஆயிரம் டாலர அப்படியே கார்டுல தேய்ச்சுடறாங்க. ரெண்டுமே வேண்டாம், தயவு செஞ்சு. இதுக்குன்னே அரசாங்கப் பணம் இருக்கு, ஆனா கேட்டா தான் வரும்.

பணம் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கேக்க கூச்சம் இருக்காது. 1984ல வந்த விக்டிம்ஸ் ஆஃப் க்ரைம் ஆக்ட் படி ஒரு ஃபண்ட் இருக்கு, ஃபெடரல் கோர்ட்ல தண்டனை வாங்கினவங்க கட்டுற அபராதம் தான் முக்கியமா அதுல சேருது. அதோட மாநிலப் பணமும் சேந்து எல்லா மாநிலத்துலயும் க்ரைம் விக்டிம் காம்பன்சேஷன்னு, அதாவது குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு தர்ற ஒரு திட்டம் ஓடுது. ஆஸ்பத்திரி செலவு, அடக்கச் செலவு, கவுன்சிலிங் இதெல்லாம் தர்றாங்க, நிறைய மாநிலத்துல க்ரைம் சீன் க்ளீனிங்கும் அதுல உண்டு. கலிஃபோர்னியால 1,709 டாலர் வரைக்கும், டெக்சாஸ்ல 2,250, நியூயார்க்ல 2,500. தொகை அப்பப்ப மாறும், அதனால அப்ளை பண்ற அன்னைக்கு உங்க மாநிலத்து சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

முதல் வேலை, போலீஸ் இடத்த ரிலீஸ் பண்ணிட்டாங்களான்னு டிடெக்டிவ் கிட்ட கேளுங்க, அதுக்கு முன்னாடி ஒரு தலகாணிய கூட நகர்த்தக் கூடாது. கேஸ் நம்பர், டிடெக்டிவ் பேரு, ஃபோன் நம்பர் மூணையும் எழுதி வச்சுக்கோங்க, இனி ஃபில் பண்ற ஒவ்வொரு ஃபார்ம்லயும் அது கேப்பாங்க. அப்படியே விக்டிம் அட்வகேட் யாருன்னும் கேளுங்க. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (கேஸ் நடத்துற அரசு வக்கீல்) ஆஃபீஸ்லயோ போலீஸ் டிபார்ட்மெண்ட்லயோ இப்படி ஒருத்தர் இருப்பாங்க, ஃபார்ம் ஃபில் பண்ணித் தர்றது, ஆஃபீஸுக்கு ஃபோன் போட்டு விசாரிக்கிறது எல்லாமே அவங்க வேலை, அதுக்கு காசு கிடையாது. இங்கிலீஷ்ல இதப் பத்தி பேச முடியலன்னா தமிழ் இண்டர்ப்ரெட்டர் வேணும்னு கேளுங்க, ஃபோன்ல போட்டுத் தருவாங்க. அந்த நேரத்துல அம்மாவுக்கு பையன் உக்காந்து மொழிபெயர்க்கிற கொடுமை வேண்டாம்.

ரெண்டாவது இன்ஷூரன்ஸ். இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா காம்பன்சேஷன் திட்டம் மத்த எல்லா வழிக்கும் அப்புறம் கடைசியா தான் பணம் தரும், வேற எங்க இருந்தாவது கிடைக்குமான்னு பாத்துட்டு மிச்சத்துக்கு தான் வரும். சொந்த வீடுன்னா ஹோம் ஓனர்ஸ் பாலிசில இந்த மாதிரி க்ளீனிங் பல நேரம் கவர் ஆகும், டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் தர்றதுக்கு முன்னாடி நீங்க கட்ட வேண்டிய பங்கு, அது மட்டும் உங்க கைய விட்டுப் போகும். வாடகை வீடுன்னா நீங்களா எதையும் ஏத்துக்காம முதல்ல வீட்டு ஓனர் கிட்ட பேசுங்க, பில்டிங்குக்கு அவரோட இன்ஷூரன்ஸ் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி முடியாதுன்னு சொன்னா ஃபோன்ல கேட்டுட்டு விட்டுடாதீங்க, எழுத்துல வாங்குங்க, அந்த லெட்டர் தான் காம்பன்சேஷன் ஃபைல்ல போகும்.

இப்ப க்ளீனிங் கம்பெனி விஷயம். ஏன் நாமளே பண்ணக் கூடாதுன்னா, கார்ப்பெட் மேல ஒரு தட்டு அளவுக்கு தெரியற கறை கீழ இருக்கற மெத்து மெத்துன்னு இருக்கற பேட்ல (pad) அத விட பெருசா பரவியிருக்கும், அதுக்கும் கீழ பலகைல ஊறியிருக்கும், மேல மட்டும் தொடைச்சா அப்புறம் வாடை வரும். கைரேகை எடுக்க தூவுற கருப்புப் பொடி வேற, ஈரத் துணி போட்டா சுவரெல்லாம் இழுகிடும். தொத்து பயம் தனி. அதனால இதுக்குன்னு பழகினவங்க தான் வேணும், ஆனா யார வேணாலும் கூப்பிடக் கூடாது. கலிஃபோர்னியால மாநில பப்ளிக் ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல ட்ராமா சீன் வேஸ்ட் (இந்த மாதிரி இடத்துல இருக்கற ரத்தக் கழிவு) வேலைக்கு பதிவு பண்ணின கம்பெனி பண்ணாதான் பில் செல்லும், சாதா கார்ப்பெட் க்ளீனர் பில்ல கொடுத்தா திரும்பி வந்துடும்.

கம்பெனி ஆளு வந்து “உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல, ஸ்டேட் எல்லாம் கொடுத்துடும்”னு சொன்னா அப்பவே கையெழுத்து போடாதீங்க. ஸ்டேட் தர்றதுக்கு உச்சவரம்பு இருக்கு, பில் 6,000 டாலர் வந்து ஸ்டேட் 1,709 கொடுத்தா மிச்சம் யார் கட்டுறது, அத எழுத்துல கேளுங்க. எந்த ரூம், எத்தன மணி நேரம், எத்தன பேர், எத எடுத்து வீசப் போறாங்கன்னு வரி வரியா எஸ்டிமேட் வாங்குங்க, முடிஞ்சா ரெண்டு கம்பெனி கிட்ட. காம்பன்சேஷன் ஆஃபீஸுக்கே நேரா பில் அனுப்புவீங்களான்னும் கேளுங்க, சில கம்பெனிங்க ஒத்துக்குவாங்க, அப்ப உங்க கைக்காசு போடத் தேவையில்ல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்து வைங்க, உங்களால முடியலன்னா வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க.

நிறைய பேர் தயங்குறது மூணு விஷயத்துக்கு. கொலை பண்ணவன் பிடிபடல, பணம் கிடைக்குமா? கிடைக்கும், அரெஸ்ட் ஆகணும்னு அவசியம் இல்ல. விசா பிரச்சினை வருமா? கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி இடங்கள்ல இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் பாக்கறதே இல்ல. குடும்பம் ஊர்ல இருக்கு, இங்க ரூம்மேட் தான் காசு கட்டினான், அவனுக்கு வருமா? கலிஃபோர்னியா சட்டத்துல இது தெளிவா இருக்கு, வீட்டுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ நடந்த குற்றத்துக்கு லாப நோக்கம் இல்லாம யார் சுத்தம் பண்ண காசு கட்டினாலும், கட்டறேன்னு பொறுப்பெடுத்தாலும், அவங்க க்ளெய்ம் பண்ணலாம். அதனால பில் யார் பேர்ல வருதோ அவங்களே அப்ளை பண்ணுங்க. தற்கொலைக்கு மட்டும் இந்தத் திட்டத்துல வழி இல்ல, அது குற்றம் கணக்குல வராது, அங்க இன்ஷூரன்ஸ் தான் ஒரே கதவு.

அப்ளிகேஷனுக்கு டெட்லைன் உண்டு, டெக்சாஸ்ல 3 வருஷம், கலிஃபோர்னியால 7 வருஷம், ஆனா அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். எல்லா பில்லும் கைக்கு வரலன்னாலும் ஃபார்ம போட்டுடுங்க, மிச்சத்த அப்புறம் அனுப்பலாம்.

மறுத்துட்டாங்கன்னா அத்தோட விட்டுடாதீங்க, அப்பீல் இருக்கு, கலிஃபோர்னியால லெட்டர் தேதியிலருந்து 45 நாள். இங்க தான் பல குடும்பம் கோட்ட விடுது, சம்பவம் நடந்த வீட்ட காலி பண்ணிட்டு வேற ஊருக்கு போயிருப்பாங்க, லெட்டர் பழைய வீட்டு மெயில் பாக்ஸ்ல கெடக்கும், 45 நாளும் போயிடும். அதனால வீடு மாறின அன்னைக்கே போஸ்ட் ஆஃபீஸ்ல அட்ரஸ் மாத்துங்க, காம்பன்சேஷன் ஆஃபீஸுக்கும் விக்டிம் அட்வகேட்டுக்கும் தனித்தனியா புது அட்ரஸ சொல்லிடுங்க.