அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டின் கதையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நேராக, நகர நிர்வாகமே திவாலான 2013-க்குப் போய்விடாதீர்கள். முதலில் 1914-ஐ எடுங்கள்: நாளுக்கு 5 டாலர் கூலி என்று ஃபோர்டு கார் கம்பெனி அறிவித்தது, ஆனால் அதை முழுசாக வாங்க வேண்டுமென்றால் கம்பெனி ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். கூலிக்குள் எவ்வளவு கண்காணிப்பு இருந்தது பாருங்கள்!

அப்புறம் மக்கள்தொகை. 1950-இல் சுமார் 18.5 லட்சம், 2020-இல் 6.4 லட்சம். எல்லாவற்றுக்கும் 1967-இல் அங்கே வெடித்த இனக் கலவரம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆலைகள் புறநகருக்கு நகர்வது 1950-களிலேயே தொடங்கிவிட்டது.

வரைபடத்தில், நகரின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்குத் தெற்கே பர்வுட் சுவரையும் கட்டாயம் தேடுங்கள். ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பின மக்களின் குடியிருப்பைப் பிரித்துக் காட்டினால்தான் பக்கத்தில் வெள்ளையர்களுக்கான மனைகளுக்கு அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்பதற்காக 1941-இல் எழுப்பியது. இன்றும் நிற்கிறது, ஒரு பகுதியில் ஓவியங்களோடு.