ஏசி காற்று போகப் போகக் குறைகிறதா?

மட்டக்களப்பிலிருந்து புறப்படும்போது நல்ல குளிர். கல்முனை வருவதற்குள் காற்றே வருவதில்லை. காரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி சரி. இப்படியென்றால் உடனே காஸ் அடிக்க ஓடாதீர்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டுகிறது. அதைத் தடுக்கும் சின்ன வெப்ப சென்சர் பழுதாகியிருக்கலாம்.

பல கார்களில் அது இடப்பக்க குளோவ் பொக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும். முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். மேலே எயார்பேக் இருக்கிறது, மஞ்சள் வயர்களில் கை வைக்கவே கூடாது. இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

எங்கள் வெயிலில் பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் மொறுமொறுத்துப் போயிருக்கும், மெதுவாக நெம்புங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களைச் சிரட்டையில் போட்டு வையுங்கள்.

சென்சரை உருவி, மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். ஐஸ் தண்ணீரில் நுனியை வைத்தால் அளவு சீராக ஏற வேண்டும். உள்ளங்கையில் பொத்தினால் இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ தாவிக் குதித்தாலோ மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே பாக இலக்கத்தைக் கேளுங்கள். பிளக் பொருந்தினால் மட்டும் போதாது.

புதியதை அதே இடத்தில், அதே ஆழத்தில் செருகுங்கள். கொயிலின் அலுமினியத் தகடுகள் மிக மெல்லியவை, வளைக்காதீர்கள். குழாய்கள் எதையும் கழற்றாததால் காஸ் ஒரு சொட்டும் போகாது.