நோர்வேயில் முதல் குளிர்காலம்: விறகடுப்பைப் பழகிக்கொள்வது எப்படி?

நோர்வேக்கு வந்து முதல் வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது, ஹோலின் மூலையில் கறுப்பாக ஓர் இரும்பு அடுப்பு நிற்பதைப் பார்ப்பீர்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, கீழே காற்று திறக்கும் ஒரு சிறு பிடி, மேலே புகைபோக்கிக்குள் போகும் குழாய். இங்கே இதை வேட்ஓவ்ன் என்பார்கள். நம்மவர்கள் பலர் அதன்மேல் பூச்சாடியும் குடும்பப் படமும் வைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பூச்சாடியை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். வீடுகளும் அதிகமாக மின்சாரத்தால்தான் சூடாகின்றன. 2021 கடைசியில் தெற்குப் பக்கத்தில் மின்சார விலை ஏறியபோது எத்தனையோ குடும்பங்கள் பில்லைப் பார்த்துத் திகைத்துப்போயின. விலை ஒருபுறம் இருக்கட்டும், புயலில் கறண்ட் போனால் சுவர் ஹீட்டரும் நின்றுவிடும், ஹீட் பம்பும் நின்றுவிடும். ஒவ்வொரு வீடும் ஒரு கிழமைக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது. தண்ணீர், சாப்பாட்டோடு, வீட்டைச் சூடாக்க மின்சாரம் இல்லாத ஒரு வழியும் அந்த ஆயத்தத்தில் சேர்த்தி. விறகடுப்பு உள்ள வீடு உங்களுக்குக் கிடைத்திருந்தால் அது பெரிய கொடுப்பினை.

நெருப்பு நமக்குப் புதிதல்ல. ஊமலும் பன்னாடையும் பாளையும் தென்னம்மட்டையும் எரித்துச் சமைத்த குசினிகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஊரில் அடுப்பு திறந்தது. மூன்று பக்கமும் காற்று வரும், புகை கூரை இடுக்கால் போய்விடும், விறகு கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் ஊதி ஊதி எரித்துவிடலாம். இங்கே அடுப்பு ஒரு மூடிய பெட்டி. நீங்கள் திறந்துவிடும் அளவுக்குத்தான் காற்று வரும். விறகு ஈரமாக இருந்தால் ஊதிச் சமாளிக்கவும் வழியில்லை. ஆகவே காய்ந்த விறகு, போதிய காற்று என்ற இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

என்னுடைய முதல் குளிர்காலத்தில் ஹாமார் பக்கம் இருந்தேன். செப்டெம்பர் மாதம் ஒருவரிடம் ஒரு பெரிய சாக்கு பியர்க் விறகு வாங்கினேன். பியர்க் என்றால் வெள்ளைப் பட்டை உள்ள பூர்ச்ச மரம். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் தந்தார். பார்க்க வெள்ளையாக, அழகாகக் கொத்தியிருந்தது. அடுப்பில் வைத்தால் உஸ்ஸென்று சத்தம், கட்டைகளின் நுனியில் நுரை. ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது, வீடோ சூடேறவில்லை. பக்கத்து வீட்டு வயதானவர் எங்கள் புகைபோக்கியிலிருந்து தடித்த சாம்பல் நிறப் புகை வருவதைக் கண்டு கதவைத் தட்டினார். விறகில் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். டொக்கென்று மந்தமான ஒலி. பிறகு தன் வீட்டிலிருந்து இரண்டு கட்டை கொண்டுவந்து தட்டிக் காட்டினார். மணி அடித்தாற்போல கணீரென்றது.

அதோடு விடவில்லை. குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு எடுத்துத் தன் கட்டையின் ஒரு நுனியில் தடவினார். மறுநுனியில் வாய் வைத்துப் பலமாக ஊதினார். சோப்புப் பக்கத்தில் சிறு சிறு குமிழிகள் எழுந்தன. பூர்ச்ச மரத்தில் நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. காய்ந்த கட்டையில் அவை வெறுமையாகி, காற்று ஊடே போகும். என் கட்டையில் அவர் எவ்வளவு ஊதியும் ஒரு குமிழிகூட வரவில்லை. அந்தச் சாக்கை அவ்வருடம் எரிக்காமல் அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, தன் கொட்டிலிலிருந்து இரண்டு மூட்டை விறகு தந்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் காட்டியதை இன்றுவரை நான் மறக்கவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதையேதான் செய்து காட்டுகிறேன்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு வீட்டுக்கு வரும். எரிக்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஃபுக்ட்மோலர் என்று ஈரம் அளக்கும் சிறு கருவி கட்டடப் பொருள் கடைகளில் கிடைக்கும், பெரிய விலையில்லை. அளக்கும்போது கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தாதீர்கள். வெளியே எப்போதும் காய்ந்திருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்துங்கள்.

சரி, எந்த மரம் வாங்குவது? எல்லாரும் பியர்க் என்றுதான் சொல்வார்கள். அது அடர்த்தியான மரம், நின்று எரியும், நல்ல தணல் விடும். கிரான் என்ற ஸ்புரூசும் ஃபூரு என்ற பைனும் விலை குறைவு, சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும். ஆனால் ஒரு கிலோ காய்ந்த விறகில் உள்ள சக்தி எந்த மரமானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 4 கிலோவாட் மணி. நல்ல அடுப்பானால் அதில் முக்கால்வாசி வீட்டுக்குள் வரும். இங்கே விறகை எடையில் விற்பதில்லை, கன அளவில்தான் விற்கிறார்கள். அதனால்தான் ஒரே அளவு சாக்கில் பியர்க் கூடுதல் சூடு தருகிறது. என் கணக்கில், ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் வீட்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்க கிரான் போதும். கடும் குளிருக்குப் பியர்க்கை மிச்சம் பிடித்து வைப்பேன்.

அளவுகளில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கடைகளில் 40 லீட்டர், 60 லீட்டர் சிறு சாக்குகள் இருக்கும். விவசாயிகள் 1000 லீட்டர், 1500 லீட்டர் பெரிய சாக்குகளில் விற்பார்கள். அது கொட்டி நிரப்பிய அளவு. அடுக்கினால் சுருங்கும். 1500 லீட்டர் சாக்கை அடுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு கன மீற்றர்தான் வரும். பழைய ஆட்கள் ஃபவ்ன் என்று ஒரு அளவு சொல்வார்கள். அது அடுக்கிய விறகில் 2.4 கன மீற்றர். விலை கேட்கும்போது அடுக்கிய அளவா, கொட்டிய அளவா என்று கட்டாயம் கேளுங்கள். கட்டையின் நீளத்தையும் கேளுங்கள். வழக்கமாக 30 சென்ரிமீற்றர் வரும், சில சிறிய அடுப்புகளுக்கு 25தான் போகும்.

இன்னொரு விஷயம். இந்த நாட்டில் காட்டுக்குள் யாரும் நடக்கலாம், பழம் பொறுக்கலாம். அந்த உரிமை மரம் வெட்டுவதற்கு இல்லை. காட்டுக்கு உரியவரிடம் அனுமதி வாங்காமல் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

நெருப்பு மூட்டுவதில் ஊர்ப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றவேண்டும். நாங்கள் சுள்ளியைக் கீழே வைத்து மேலே விறகு போடுவோம். இங்கே மேலிருந்து கீழே எரியவிட வேண்டும். இரண்டு மூன்று பெரிய கட்டைகளைக் கீழே வையுங்கள். அதன்மேல் மெல்லிய சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். உச்சியில் பற்றவைக்கும் துண்டு அல்லது ஒரு சுருள் பூர்ச்சப் பட்டை. பட்டையில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் ஒரு தீக்குச்சி போதும். காற்றுப் பிடியை முழுவதும் திறந்து, முதல் சில நிமிடங்களுக்குக் கதவையும் ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். நெருப்பு மேலே இருப்பதால், கீழேயுள்ள கட்டைகள் மெதுவாகச் சூடாகி வெளிவிடும் வாயு அந்தச் சுவாலைக்குள் போய் எரிந்துவிடும். கீழே மூட்டினால் அந்த வாயு எரியாமலே புகையாக மேலே போகும். அயலவரின் யன்னலுக்கும் உங்கள் குழந்தையின் மூச்சுக்கும் போவது அந்தப் புகைதான்.

பிறகு தணல் இருக்கும்போதே ஒன்று இரண்டு கட்டை போடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் காற்றை நன்றாகத் திறந்து, சுவாலை பிடித்தபின் கொஞ்சம் குறையுங்கள். படுக்கப் போகுமுன் நிறைய விறகைத் திணித்துக் காற்றை மூடி, விடியும்வரை கனியவிடும் பழக்கம் சில பழைய வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றில்லாமல் புகைந்தால் தார் போன்ற கறுப்புப் பசை புகைபோக்கியின் உட்சுவரில் படியும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் அதுதான் புகைபோக்கித் தீ. புகைபோக்கியில் இரைச்சல் கேட்டு, மேலே தீப்பொறி பறந்தால் 110க்கு அழையுங்கள். அடுப்புக் கதவையும் காற்றையும் மூடி, வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடான புகைபோக்கி வெடித்துப் பிளந்துவிடும்.

அடுப்புக் கண்ணாடியைப் பார்த்தாலே எரிவது சரியா என்று தெரியும். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்தால் ஈர விறகு, இல்லாவிட்டால் காற்றுக் குறைவு. துடைக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. பழைய பத்திரிகைத் தாளை நனைத்து, அடுப்பிலுள்ள சாம்பலில் தொட்டுத் தேயுங்கள், ஆறிய கண்ணாடியில்தான்.

அடுப்பின் வயதையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 1998 முதல் புதிதாகப் பொருத்தும் அடுப்புகள் புகையையே இரண்டாம் முறை எரிக்கும் வகையாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தியவை விறகையும் அதிகம் தின்னும், புகையும் அதிகம் தரும். பேர்கன் நகரில் 2021 தொடக்கம் அந்தப் பழைய மூடிய அடுப்புகளை எரிக்கவே தடை. அடுக்குமாடியில் இருந்தால், ஒரே புகைபோக்கியைப் பல வீடுகள் பாவிக்கும். எரிக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கொமூன என்ற உள்ளூராட்சியிலிருந்து ஃபெய்யர் என்ற புகைபோக்கி துப்புரவாளர் வருவார். வருமுன் அறிவித்தல் தருவார்கள். கதவைத் திறந்து அவரை உள்ளே விடுங்கள். நம்மவர்கள் சிலர் யாரோ அதிகாரி சோதிக்க வந்துவிட்டார் என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர் உங்களுக்கு உதவி செய்ய வருகிறார். அடுப்பை எரிப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம், உடைந்த நோர்வேஜிய மொழியில் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. நாங்கள் தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் சமையல் அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முழு வேகத்தில் விடுவோம். இங்கத்தைய வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டியவை. விசிறி உறிஞ்சும் காற்றுக்கு ஈடாக எங்காவது காற்று உள்ளே வரவேண்டும். வேறு வழியில்லாவிட்டால் அது புகைபோக்கி வழியாக வரும், விறகடுப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு. அந்தப் புகையில் மணமில்லாத கார்பன் மொனொக்சைட்டும் இருக்கும். சமைக்கும்போது குசினி யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், விசிறியைக் குறைத்து விடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி எல்லா வீட்டிலும் சட்டப்படி இருக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்குத் தனியாக ஒன்று வாங்கி அடுப்புள்ள அறையில் வையுங்கள்.

சாம்பலை ஒருபோதும் பிளாஸ்ரிக் பையிலோ கடதாசிப் பெட்டியிலோ போடாதீர்கள். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் தணல் சில நாட்கள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல்லின்மேல், மரச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பெயின்ற் பூசிய பலகை, பச்சை நிறத்தில் மருந்து ஏற்றிய பலகை, பால் பெட்டி, பிளாஸ்ரிக் எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது. பழைய பச்சைப் பலகைகளில் ஆர்சனிக் நஞ்சு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அடுப்பைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பு வேண்டும். ஈர உடுப்பு காயப்போடும் கொடியை அடுப்புக்குக் கிட்ட இழுத்து வைக்காதீர்கள்.

முதல் வருடம் கடைச் சாக்கிலேயே சமாளியுங்கள். இரண்டாம் வருடத்துக்கு ஏப்ரலிலேயே யோசிக்கவேண்டும். அப்போது பச்சை விறகு மலிவாக வரும். கீழே மரப் பலகைத் தட்டு போட்டு, வெயிலும் காற்றும் படும் இடத்தில் அடுக்கி, மேலே மட்டும் கூரை போடுங்கள். நாலு பக்கமும் படங்கால் மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கோடை முழுவதும் காய்ந்தால் இலையுதிர்காலத்தில் எரிக்கலாம்.

அடுக்கத் தொடங்கியதும் யாராவது அயலவர் நின்று பார்ப்பார். பட்டை மேலே இருக்கவேண்டும் என்பார் ஒருவர், கீழே என்பார் இன்னொருவர். 2013 பெப்ரவரியில் இந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி 12 மணித்தியாலம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியபோது, பார்த்தவர்கள் இதே விஷயத்துக்காக இரு பக்கமும் பிரிந்து முறைப்பாடு அனுப்பினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று உடனே சொல்லத் தேவையில்லை. ஒரு கோப்பி போட்டுக் கொடுத்து, அவர் எப்படி அடுக்குவார் என்று கேளுங்கள். கையுறையை மாட்டிக்கொண்டு அவரே வந்து முதல் வரிசையை அடுக்கித் தருவார்.