மூன்று படம், ஒரு கார், ஒரு நூல்கண்டு: 'பேக் டு தி ஃப்யூச்சர்' காலக்கோடு வரைவது எப்படி?

அக்கா பையன்கள் இரண்டு பேரும் மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, "மாமா, அந்தத் தாத்தா பிஃப் எப்படி அதே 2015க்குத் திரும்பி வந்தாரு?" என்று கேட்டார்கள். பதில் சொல்லப் போய் நானே குழம்பிவிட்டேன். தண்டையார்பேட்டை வீட்டுத் தரையில் மூன்று பிரவுன் ஷீட் கிழிந்த பிறகு பிடிபட்ட முறை இது. கதை மறந்தவர்களுக்கு ஒரு வரி: டாக் என்ற விஞ்ஞானி காலத்தில் பயணிக்கும் கார் ஒன்றைச் செய்கிறார், மார்ட்டி என்ற பையன் அதில் போய் மாட்டிக்கொள்கிறான், பிஃப்தான் வில்லன்.

நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் ரோல், சிவப்பு நூல்கண்டு, குண்டூசி, பென்சில், செலோடேப் போதும். எக்செல் வேண்டவே வேண்டாம், கட்டத்துக்குள் கிளை பிரியாது. சார்ட் பேப்பருக்கு நீளம் பத்தாது.

படி 1: இடமிருந்து வலமாக 1885, 1955, 1985, 2015. அளவெல்லாம் பார்க்க வேண்டாம், 1955க்கு மட்டும் ஒரு முழம் விடுங்கள். நான் நாலு விரல் இடம்தான் விட்டிருந்தேன். நவம்பர் 12 என்ற ஒரே நாளுக்குள் இரண்டு மார்ட்டி, இரண்டு டாக், இரண்டு பிஃப், இரவு 10:04 மின்னல் எல்லாம் முட்டி மோதின. (1885இல் நம்ம ராயபுரம் ஸ்டேஷனுக்கே வயது 29. டாக் இங்கே வந்து விழுந்திருந்தால் காரைத் தள்ள ரயில் தேடி அலைந்திருக்க மாட்டார்.)

படி 2: நூலை அறுக்காமல், கார் போன வரிசையில் குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். தேதி வரிசையில் போனால் தொலைந்தீர்கள். 1985 அக்டோபர் 26, மால் வாசலில் முதல் ஊசி. கடைசி ஊசி 1985 அக்டோபர் 27, ரயில் மோதி கார் நொறுங்கும் தண்டவாளம்.

படி 3: பிஃப் பணக்காரனாகிவிட்ட அந்த இருண்ட 1985க்குக் கீழே இன்னொரு ஷீட் ஒட்டிக் கிளை இழுங்கள். டாக்கே கரும்பலகையில் இப்படித்தான் வரைவார். நான் சறுக்கியது இங்கேதான். "இங்கிருந்து எதிர்காலம் போனால், இந்த 1985இன் எதிர்காலத்துக்குத்தான் போவோம்" என்கிறார் டாக். அப்படியானால் 1955இல் தன் இளவயது பிஃப்பிடம், பணக்காரனாக வழிசெய்யும் விளையாட்டு முடிவுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய தாத்தா பிஃப் கீழ்க்கிளையில் அல்லவா போய் இறங்கியிருக்க வேண்டும்? அவர் பழைய 2015க்கே வருகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார். படத்தில் சேர்க்காமல் வெட்டிய காட்சியில் அப்படியே மறைந்தும் போகிறார். முதல் பாகத்து ஃபோட்டோவில் மார்ட்டியின் அண்ணன் தலையிலிருந்து மெல்ல மெல்ல அழிந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் படங்களில் மாற்றம் சட்டென்று வராது, ஊறித்தான் வரும். அதனால் அந்த இடத்தில் கிளையைப் பென்சிலால் லேசாகத் தொடங்கிப் போகப் போக அழுத்துங்கள். ஸ்கெட்ச் பேனா எடுத்தால் கெட்டது.

மார்ட்டியின் காதலி ஜெனிஃபர் முகம் இரண்டாம் பாகத்தில் மாறியதற்கும் காலக்கோடுதான் காரணம் என்று சின்னவன் சாதித்தான். இல்லை. நடிகை மாறிவிட்டார், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: நவம்பர் 12 அன்று ஊரில் மூன்று கார் என்று முதலில் எழுதியிருந்தேன். "சுரங்கத்தில் கிடப்பதை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரிதான். டாக் 1885இல் புதைத்த கார் எழுபது வருஷம் அங்கேயே கிடக்கிறது. ஆகவே 1885 ஊசியிலிருந்து 1955 வரை நூலைத் தாவவிடாமல் கோட்டின்மேலேயே படுக்க வையுங்கள். இப்போது நவம்பர் 12க்கு மேல் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுங்கள். நாலு.